வர்றேன்னு சொல்லிட்டுப் போறவங்க

மதுரைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனவர் கிளம்பும்போது "வர்றேன்" என்பார். வீட்டுக்காரர் "போயிட்டு வாங்க" என்பார். அதற்கப்புறமும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் கால்மணி நேரம் பேச்சு ஓடும். வாய் தவறி "போறேன்" என்று சொல்லிவிட்டால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். போகிற ஆள் ஏன் வருகிறேன் என்கிறார் என்று நம்மில் பலர் யோசித்ததே இல்லை. பேச்சு வந்தபோதே அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அப்படித் தானாக வருவதில்லை. வர்றேன் என்றவர் வருவார் என்று அது வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம்.

தமிழக அரசின் அறிவிப்புகளில் ஆட்டிசத்துக்குப் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்' என்றொரு பெயர் உண்டு. யார் வைத்தார்களோ! பேசவும் எழுதவும் முடிகிற ஆட்டிச நிலையாளர்கள் தங்களைப் பற்றிச் சொல்லியிருப்பதைப் படித்தால், இந்தப் பெயர் தலைகீழாக நிற்பது தெரியும். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று நாள் முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். கால்நடைத் தொழுவங்களை வடிவமைத்துப் பெயர்பெற்ற, ஆட்டிசம் உள்ளவரான டெம்பிள் கிராண்டின், மனிதர்களுக்கு நடுவே தான் செவ்வாய்க் கிரகத்துக்குப் போன மானிடவியலாளர் மாதிரி என்று நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸிடம் சொன்னார். அந்தச் சொற்றொடரையே சாக்ஸ் 1995இல் தன் புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்தார். பார்த்த சம்பவங்களையெல்லாம் வீடியோ கேசட்டுகள்போல மனதில் அடுக்கி வைத்து, புதிதாக ஒன்று நடக்கும்போது பழையதை ஓட்டிப் பார்த்துத்தான் மனிதர்களைப் புரிந்துகொள்வதாகவும் கிராண்டின் சொல்லியிருக்கிறார். நாம் தாய்மொழியாகப் பேசுவதை அவர் இலக்கணப் புத்தகம் வைத்துப் படித்தார். அந்தப் புத்தகத்தையும் அவரேதான் எழுத வேண்டியிருந்தது.

அந்தப் புத்தகம் தமிழில் எத்தனை பக்கம் வரும்? 'நாம', 'நாங்க' என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். கேட்பவரையும் சேர்த்தால் நாம, சேர்க்காவிட்டால் நாங்க. விதி சுத்தமாக இருக்கிறது. ஆனால் விருந்தாளியிடம் "ஒருநாள் நம்ம வீட்டுக்கு வாங்க" என்கிறோம். அது எப்படி நம்ம வீடு? விதிப்படி பார்த்தால் பொய். உறவுப்படி பார்த்தால் மரியாதை. நீ, நீங்க பற்றிக் கேட்கவே வேண்டாம். அக்கா 'நீ', அவள் கணவர் 'நீங்க', நம்மைவிட இளைய கண்டக்டர் 'நீங்க', அறுபது வயது அம்மா 'நீ'.

இதில் பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ் என்ற இரட்டை வேறு. துனிசியாவில் ஆட்டிசம் உள்ள சில சிறுவர்கள், வீட்டில் பேசும் கொச்சை அரபியை விட்டுவிட்டு, கார்ட்டூன்களில் வரும் செம்மையான அரபியைப் பேசுவதைக் கண்டு, மிகாயில் கிசின் என்ற மொழியியலாளரும் அவருடைய குழுவினரும் 2019இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பேச்சு மொழியை மனிதர்களிடமிருந்து கற்கிறோம், செம்மையான மொழி திரையிலிருந்தும் புத்தகத்திலிருந்தும் கிடைத்துவிடுகிறது. தமிழும் அரபியைப் போல இரட்டை வழக்குள்ள மொழிதான். டீக்கடையில் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று செய்தி வாசிப்பவர் மாதிரி கேட்கும் பையனைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கண். நம் நாட்டில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குப் பயன்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70ஐத் தொட்டால் ஆட்டிசம். பட்டியலின் முதல் அம்சமே கண்ணோடு கண் பார்ப்பதில் குறைபாடு. அளவுகோலைக் குறை சொல்லவில்லை. கைக்குழந்தை அம்மா முகத்தைப் பார்க்கிறதா என்பது எந்த ஊரிலும் கவனிக்க வேண்டிய விஷயம். பயிற்சி என்று வரும்போதுதான் சிக்கல். "கண்ணைப் பார்த்துப் பேசு" என்று பயிற்சி அறையில் மணிக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பையன், ஊருக்குப் போய்த் தாத்தா திட்டும்போது அவர் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பான். "என்னடா முறைக்கிறே?" என்று அடுத்த திட்டு விழும். கண்ணைப் பார்க்க வற்புறுத்தும்போது ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையில் என்ன நடக்கிறது என்று நூஷின் ஹஜிகானியின் குழு ஸ்கேன் எடுத்து 2017இல் வெளியிட்டது. பயத்தையும் பதற்றத்தையும் கையாளும் உட்பகுதிகள் வழக்கத்தைவிட அதிகமாகத் தூண்டப்பட்டிருந்தன. அக்கறையின்மையால் அல்ல, தாங்க முடியாமல்தான் அவர்கள் கண்ணைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் விளக்கம்.

பயிற்சியே வேண்டாம் என்பதல்ல. மிச்சிகன் ஆசிரியை கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'சமூகக் கதைகள்' எளிமையானவை: ஒரு சூழலில் என்ன நடக்கும், மற்றவர்கள் என்ன எதிர்பார்ப்பார்கள் என்று சின்னச்சின்ன வாக்கியங்களில் முன்கூட்டியே சொல்லிவிடுவது. கலிஃபோர்னியாவில் எலிசபெத் லாகெசன் உருவாக்கிய பியர்ஸ் என்ற பாடத்திட்டம், நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது எப்படிப் போய்ச் சேர்வது என்பதைக்கூடப் படிப்படியாகப் பிரித்துச் சொல்கிறது. தென் கொரியாவில் அதைத் தங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிச் சோதித்து 2014இல் முடிவு வெளியிட்டார்கள். மாற்ற வேண்டியிருந்தது என்பதுதான் நான் கவனிப்பது. ஆட்டிசம் போன்ற நிலை இல்லாதவர்களைச் சொல்லும் 'நியூரோடிப்பிக்கல்' என்று ஒரே ஜாதி உலகத்தில் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நியூரோடிப்பிக்கலும் உசிலம்பட்டி நியூரோடிப்பிக்கலும் பேசி வைத்துக்கொண்டவர்கள் அல்ல.

உசிலம்பட்டி என்றதும், விசேஷ வீட்டில் மொய் வைக்கும் செய்முறை நினைவுக்கு வருகிறது. யார் வீட்டு விசேஷத்தில் யார் எவ்வளவு செய்தார்கள் என்பதை நோட்டுப்போட்டு எழுதி வைக்கிற ஊர்கள் இவை. மனித உறவின் மிகச் சிக்கலான ஒரு பகுதியை வரிசை எண், பெயர், ஊர், தொகை என்று எழுத்தில் வைத்துவிட்டார்கள். விதிகளைப் பார்த்துப் பார்த்துக் கற்கிற ஒருவருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டிச் செய்யவேண்டும் என்பது மட்டும் நோட்டில் இருக்காது.

எழுதப்படாத இந்த விதிகளைக் கற்று, நம்மைப்போலவே நடித்துக் காலம் தள்ளுகிறவர்களும் உண்டு. லாரா ஹல்லும் சக ஆய்வாளர்களும் 2017இல் ஆட்டிசம் உள்ள 92 பெரியவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். ஒட்டிக்கொள்ளவும் உறவு வைத்துக்கொள்ளவும்தான் நடிக்கிறோம் என்றார்கள். வீடு திரும்பியதும் யாரோடும் பேசாமல் படுத்துக்கிடக்கும் அளவுக்குக் களைப்பு என்றும், கடைசியில் தான் யார் என்பதே குழம்பிவிடுகிறது என்றும் சொன்னவர்கள் உண்டு.

1985இல் உளவியலாளர் சைமன் பேரன்-கோஹனின் குழு, ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பிறர் மனதை ஊகிப்பது கடினம் என்று ஒரு பொம்மை விளையாட்டைக் கொண்டு காட்டியது. அது பல காலம் வேதவாக்காக இருந்தது. தானே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 2012இல் அதைத் திருப்பிப் போட்டார்: எங்களுக்கு உங்கள் மனம் புரியவில்லை என்கிறீர்கள், உங்களுக்கு எங்கள் மனம் புரிகிறதா? கேத்தரின் கிராம்ப்டன் எடின்பரோவில் இதைச் சோதித்தார். எட்டெட்டுப் பேராக வரிசை. முதல் ஆள் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்லவேண்டும், அவர் அதற்கடுத்தவருக்கு. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை, மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசையில் போனதுபோலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. கலந்து நின்ற வரிசையில்தான் சீக்கிரம் சிதைந்தது. அது வெளியானது 2020இல். பிறகு 311 பேரை வைத்துப் பெரிதாகச் செய்தபோது மூன்று வரிசைக்கும் வித்தியாசம் தென்படவில்லை. ஆக, கலப்பு வரிசை பற்றிய முடிவு ஆட்டம் கண்டிருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் செய்தி சொல்லத் தெரியாது என்ற பழைய எண்ணத்துக்கு மட்டும் இரண்டு சோதனையிலும் இடம் கிடைக்கவில்லை.

நோவா சாசன் குழு 2017இல் கண்டது இன்னும் உறைக்கிறது. சில நொடி வீடியோவைப் பார்த்தே, இவரோடு பழகமாட்டேன் என்று ஆட்டிசம் உள்ளவர்களைப் பற்றி மற்றவர்கள் முடிவு கட்டினார்கள். அவர்கள் பேசியதை எழுத்தில் மட்டும் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது அந்த விலகல் காணாமல் போனது. விஷயத்தில் குறை காணவில்லை. குரலும் முகமும் நம் வார்ப்பில் இல்லை என்பதுதான் தடை.

இந்தக் கட்டுரைக்காக, நம்மூர் விதிகளில் பத்தையாவது எழுதிப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். "பார்ப்போம்" என்றால் முடியாது. "மாட்டுத்தாவணி வந்துட்டேன்" என்றால் இன்னும் மேலூர் தாண்டவில்லை. "சாப்பிட்டாச்சா?" என்பது கேள்வியே இல்லை. மூன்று வரை ஓடியது. நாலாவது, 'வேண்டாம்'. அடுத்தவர் வீட்டில் காபி வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னால் நிஜமாகவே வேண்டாம் என்று அர்த்தம்? இரண்டு என்றாள் மனைவி. மூன்று என்றார் அப்பா. அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "யார் வீடு?" என்றாள்.