வாசகரைத் தேடிச் செல்லும் ஓடை

இணையதளம் ஒன்றில் புதிதாக வெளியானதை, அந்தத் தளத்துக்குப் போகாமலேயே வாசகர் பெற்றுக்கொள்ள உதவும் ஏற்பாடு செய்தியோடை. பார்வைக்கு அது அலங்காரம் ஏதுமில்லாத ஓர் எழுத்துக் கோப்பு. கோப்பின் தொடக்கத்தில் தளத்தின் பெயர், முகவரி, சிறு அறிமுகம் ஆகியவை இருக்கும். அவற்றுக்குக் கீழே, அண்மையில் வெளியான ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, இணைப்பு, சுருக்கம், வெளியான தேதி, தனி அடையாளக் குறி ஆகியவை வரிசையாக இடம்பெறும். புதியது ஒன்று வந்தால் மேலே சேரும். பழையது அடியிலிருந்து கழியும்.

வாசகர் தம் கைபேசியிலோ கணினியிலோ ஓடைகளைப் படிக்கும் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு, தமக்குப் பிடித்த தளத்தின் ஓடை முகவரியை ஒருமுறை கொடுத்தால் போதும். அதன்பின் செயலியே அவ்வப்போது கோப்பைப் பார்த்துப் புதியதை எடுத்து வந்து காட்டும். வாசகர் தம் பெயரையோ மின்னஞ்சல் முகவரியையோ வெளியிடுபவரிடம் தர வேண்டியதில்லை. வேண்டாமென்று தோன்றினால் முகவரியை நீக்கிவிட்டால் சந்தா முடிந்தது. இதே கோப்பில் ஒலிக்கான இணைப்பையும் சேர்த்துவிட்டால் அதுவே பாட்காஸ்ட்.

சென்னையில் படித்தவர் வகுத்த வடிவம்

செய்தியோடைகளில் மிகப் பரவலானது ஆர்.எஸ்.எஸ். என்ற வடிவம். 1999 மார்ச்சில் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனம் அதை முதலில் வெளியிட்டது. பல தளங்களின் தலைப்புச் செய்திகளை வாசகர் தம் விருப்பப்படி ஒரே பக்கத்தில் அடுக்கிக்கொள்ளும் வசதியைத் தரவே அது உருவானது. அதை வடிவமைத்த இருவர் டான் லிபியும் ராமநாதன் வி. குஹாவும். குஹா சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்து 1986இல் பட்டம் பெற்றவர். இணையப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை இயந்திரமும் புரிந்துகொள்ளும்படி குறித்து வைப்பது அவருடைய நெடுநாள் ஆய்வு. பிற்காலத்தில் கூகுளில் பணியாற்றியபோது அவர் முன்னின்று உருவாக்கிய ஸ்கீமா.ஆர்க் என்ற குறிப்பு முறையும் அதே சிந்தனையின் தொடர்ச்சிதான்.

நெட்ஸ்கேப் விரைவிலேயே இந்தப் பணியைக் கைவிட்டாலும் வடிவம் அதோடு மறையவில்லை. டேவ் வைனர் என்ற மென்பொருளாளர் அதை எளிமையாக்கி வளர்த்தார், 2002இல் ஆர்.எஸ்.எஸ். 2.0 வந்தது. இன்றும் பெரும்பாலான ஓடைகள் இந்தப் பதிப்பில்தான் இயங்குகின்றன. 2005 டிசம்பரில் ஆட்டம் என்ற மற்றொரு வடிவமும் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. வெளியிடுபவர் இரண்டின் நுணுக்கத்தையும் கற்க வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ், பிளாகர் போன்ற தளங்கள் ஒவ்வொரு பதிவோடும் ஓடையைத் தாமே புதுப்பித்துவிடுகின்றன.

தமிழ்மணம் காட்டிய வழி

ஓடையின் பயனைத் தமிழர் பெரிய அளவில் கண்டது 2004 ஆகஸ்டில். காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டி, தமிழ் வலைப்பதிவுகளின் ஓடைகளை ஓயாமல் படித்து, புதிய பதிவுகளின் தலைப்பையும் முதல் சில வரிகளையும் ஒரே பக்கத்தில் காட்டியது. மயிலாப்பூரிலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் எழுதியவர்கள் அங்கே ஒரே வரிசையில் நின்றார்கள். வாரம் ஒரு பதிவர் நட்சத்திரமாக முன்னிறுத்தப்பட்டார். தேன்கூடு, திரட்டி எனப் பின்னால் வேறு தளங்களும் இதே வழியில் வந்தன.

இதில் யுனிகோடு எனப்படும் ஒருங்குறிக்கும் பங்கு உண்டு. அதற்கு முன் தமிழ்த் தளங்கள் டிஸ்கி, டாப் என்று வெவ்வேறு குறியீடுகளிலும், நாளிதழ்கள் சொந்த எழுத்துருக்களிலும் இயங்கின. ஒரு தளத்தின் எழுத்து இன்னொரு தளத்தில் புரியாத குறிகளாகத் தெரியும். நூற்றுக்கணக்கான தளங்களை ஒரே பக்கத்தில் திரட்ட வேண்டுமானால் எல்லாம் ஒரே குறியீட்டில் இருந்தாக வேண்டும். ஒருங்குறியில் எழுதப் பழகிய பதிவர்களால்தான் திரட்டி சாத்தியமானது.

சந்தைப்படுத்தல் என்ற சொல்லைப் பயன்படுத்தாமலேயே பதிவர்கள் அதன் பாடங்களையும் கற்றார்கள். திரட்டியில் தலைப்பும் சில வரிகளும்தான் தெரியும் என்பதால், தலைப்பு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் பத்தி சுற்றி வளைக்காமல் தொடங்க வேண்டியிருந்தது. விடாமல் எழுதுபவரை வாசகர்கள் பெயரைப் பார்த்தே படித்தார்கள். ஓடை வழியாக எழுத்தைக் கொண்டுசேர்க்கும் எவருக்கும் இந்தப் பாடங்கள் இன்றும் பொருந்தும்.

ஓடையில் ஒலி

2000 டிசம்பரில் வைனர் வெளியிட்ட ஆர்.எஸ்.எஸ். 0.92இல் இணைப்புக் கோப்புக்கென ஒரு புதிய இடம் சேர்ந்தது. ஒலிக்கோப்பின் முகவரி, அளவு, வகை ஆகிய மூன்றையும் அங்கே குறிக்கலாம். இப்படி ஒலியையும் அனுப்ப வேண்டும் என்று வைனரிடம் வலியுறுத்தியவர் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை நடத்திவந்த ஆடம் கரி. பாட்காஸ்டிங் என்ற பெயர் 2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் முதலில் இடம்பெற்றது. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்ட் பட்டியலைச் சேர்த்ததும் அது பொதுமக்களை எட்டியது.

வானொலிக்கும் பாட்காஸ்ட்டுக்கும் உள்ள வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. வானொலி நிகழ்ச்சியை அது ஒலிபரப்பாகும் நேரத்தில் கேட்க வேண்டும். பாட்காஸ்ட்டோ கேட்பவர் வசதிக்குக் காத்திருக்கும். மின்சார ரயிலில் போகும்போதும் சமைக்கும்போதும் கேட்கலாம். 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை, 2017 ஏப்ரல் இறுதியில் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது, பி.பி.சி. தமிழ் இணையத்தில் தொடர்கிறது. ஆஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தமிழ், வானொலி நிகழ்ச்சிகளைப் பாட்காஸ்ட்டாகவும் தருகிறது. இதனால் மெல்போர்னில் ஒலித்ததைத் தஞ்சாவூரில் இருப்பவரும் கேட்க முடிகிறது.

இலக்கியத்துக்கும் இது நல்ல வாய்ப்பு. தீபிகா அருண் நடத்தும் கதை ஓசை, 'பொன்னியின் செல்வன்' உள்ளிட்ட தமிழ்ப் புனைவுகளைக் குரலில் கொண்டுவந்திருக்கிறது. கல்கி வார இதழில் 1950களில் வாரந்தோறும் வெளிவந்த நாவல் பாட்காஸ்ட்டின் அத்தியாய வடிவத்தில் இயல்பாக அமர்கிறது. தமிழ் எழுத்தைப் படிக்கப் பழகாத புலம்பெயர் இளைய தலைமுறைக்கும், கண்பார்வை குறைந்த முதியவர்களுக்கும் இத்தகைய முயற்சிகள் செய்யும் தொண்டு பெரியது.

அரசியலும் இந்த வழியை எடுத்துக்கொண்டது. முன்பு மு. கருணாநிதி 'உடன்பிறப்பே' என்று விளித்து முரசொலி நாளிதழில் எழுதிய கடிதங்கள் சென்னை கோபாலபுரத்திலிருந்து தொண்டர்களை நேரடியாகச் சென்றடைந்தன. 2023 செப்டம்பரில் அவருடைய மகன் மு.க. ஸ்டாலின், 'ஸ்பீக்கிங் ஃபார் இந்தியா' என்ற பெயரில் பாட்காஸ்ட் தொடரைத் தொடங்கினார். பிரதமர் நரேந்திர மோடி 2014 அக்டோபரில் தொடங்கிய 'மனதின் குரல்' வானொலி உரையும் இணையத்தில் ஒலிக்கோப்பாகக் கிடைக்கிறது. குரலில் நேரே பேசுவது கட்சி வேறுபாடின்றிப் பயன்படும் கருவியாகிவிட்டது.

தொடங்கத் தேவையானவை

சிறு பதிப்பகமோ, இசைப் பள்ளியோ, மருத்துவரோ பாட்காஸ்ட் தொடங்கப் பெரிய முதலீடு வேண்டாம். நல்ல ஒலிவாங்கி ஒன்றும், மின்விசிறி அணைத்த அமைதியான அறையும், ஒலியைத் திருத்த ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளும் போதும். பேச்சு மட்டுமே உள்ள நிகழ்ச்சியை நொடிக்கு 64 கிலோபிட் அளவில் எம்.பி.3 கோப்பாக்கினால் அரை மணி நேரம் ஏறத்தாழ 14 மெகாபைட்டில் அடங்கும். இசைக்கு 128 அல்லது அதற்கு மேல் தேவை. முகப்புப் படம் சதுரமாக, குறைந்தது 1400 படப்புள்ளி அகலத்தில் இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் விதி. கைபேசியில் அது கட்டைவிரல் அளவில்தான் தெரியும். எனவே படத்தில் தமிழ் எழுத்து பெரிதாகவும் குறைவாகவும் இருப்பது நல்லது.

ஒலிக்கோப்பை வைக்க ஓர் இடம் வேண்டும். பாட்காஸ்ட் சேவை நிறுவனங்கள் அந்த இடத்தைத் தருவதோடு ஓடையையும் உருவாக்கித் தருகின்றன. அந்த ஓடையின் முகவரியை ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ், ஸ்பாட்டிஃபை, யூடியூப் ஆகியவற்றில் ஒருமுறை பதிவுசெய்தால், அடுத்தடுத்த பகுதிகளை அவை தாமே எடுத்துக்கொள்ளும். ஓரிடத்தில் வெளியிட்டால் எல்லா இடங்களிலும் கிடைக்கும் என்பதே ஓடையின் பெரும் பலம்.

உரிமை விஷயத்தில் தொடக்கத்திலேயே கவனம் வேண்டும். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களைத் தடையின்றி வாசித்து வெளியிடலாம். கல்கியின் எழுத்துகள் அவற்றில் அடங்கும். இசையில் இரண்டு அடுக்குகள் உண்டு. 1847இல் மறைந்த தியாகராஜரின் கிருதிகளுக்கு உரிமையாளர் எவரும் இல்லை. ஆனால் மார்கழியில் மேடையில் அவற்றைப் பாடிய கலைஞருக்குத் தம் நிகழ்த்தலின் மீது 50 ஆண்டு உரிமை உண்டு. அவர் சம்மதமின்றிக் கச்சேரிப் பதிவை வெளியிடக் கூடாது. திரைப்பாடலின் சில நொடிகளைத் தொடக்க இசையாகச் சேர்ப்பதற்கும் அனுமதி தேவை.

கேட்பவரைச் சேர்ப்பது

தேடலில் தட்டுப்படுவது எழுத்துதான். எனவே ஒவ்வொரு பகுதிக்கும் சொந்தத் தளத்தில் தனிப்பக்கம் அமைத்து, சுருக்கம், பேசியவர் பெயர், குறிப்பிடப்பட்ட நூல்கள், முடிந்தால் முழு எழுத்து வடிவம் ஆகியவற்றைத் தருவது பயன் தரும். காது கேளாதவர்களும் அதனால் உள்ளடக்கத்தைப் பெறுவார்கள். நிகழ்ச்சியின் பெயரைத் தமிழில் வைப்பவர்கள், ஆங்கில எழுத்துகளில் தேடுபவரும் உண்டு என்பதை நினைவில் கொண்டு, விவரக் குறிப்பில் அந்த வடிவத்தையும் சேர்க்கலாம்.

அதே ஓடையிலிருந்து மின்னஞ்சல் மடலும் தானாகவே உருவாகும்படி செய்யலாம்; சமூக வலைத்தளங்களிலும் அறிவிப்பு வெளியாகும்படி அமைக்கலாம். தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வழியாகப் பகிர்வதே அதிகம். முழுப் பகுதியையும் அங்கே அனுப்புவதைவிட, ஒரு நிமிடத் துணுக்கையும் இணைப்பையும் அனுப்பினால் கேட்பவர் ஓடைக்கு வந்து சேர்வார். ஒத்த விஷயம் பேசும் மற்றொரு நிகழ்ச்சியில் விருந்தினராகப் போவது சிறந்த விளம்பரம். ஏற்கெனவே பாட்காஸ்ட் கேட்கும் பழக்கமுள்ளவர்களிடம் அது அறிமுகப்படுத்துகிறது. எழுத்து ஓடையில் முழுக் கட்டுரையையும் தருவதா, சுருக்கத்தை மட்டும் தருவதா என்ற கேள்வியும் எழும். சுருக்கம் தளத்துக்கு வருகையைக் கூட்டும். முழுக்கட்டுரை வாசகரின் நம்பிக்கையைக் கூட்டும். விளம்பர வருவாயை நம்பாத நிறுவனத்துக்கு முழுக்கட்டுரையே ஏற்றது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்ன நாளில் வெளியிடுவது முக்கியம். வார இதழ்களின் தொடர்கதைகளால் தமிழ் வாசகருக்குப் பழகிய ஒழுங்கு அது. வாரம் ஒன்று இயலாதென்றால் மாதம் ஒன்று என்று அறிவித்துவிட்டு அதைக் காப்பாற்றலாம்.

எண்ணிக்கையும் உரிமையும்

எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதை ஓடை துல்லியமாகச் சொல்லாது. வாசகர் தம்மை அடையாளம் காட்டிக்கொள்ளாததற்கு ஈடாக இந்தக் குறையை ஏற்க வேண்டும். பதிவிறக்கத்தை எண்ணுவதற்கு விளம்பரத் துறை அமைப்பான ஐ.ஏ.பி. ஒரு வழிமுறை வகுத்திருக்கிறது. குறைந்தது ஒரு நிமிட ஒலியாவது இறங்கியிருக்க வேண்டும்; ஒரே கருவி 24 மணி நேரத்தில் பலமுறை கேட்டாலும் ஒன்றாகவே கணக்கு. அப்படியும் எண்கள் ஏமாற்றக்கூடும். 2023 செப்டம்பரில் வந்த, ஆப்பிள் கைபேசிகளின் இயங்குதளமான ஐ.ஓ.எஸ். 17, கேட்கப்படாத பகுதிகள் தானாக இறங்குவதைக் குறைத்தது. உடனே பல நிகழ்ச்சிகளின் பதிவிறக்க எண்ணிக்கை சரிந்தது. கேட்டவர்கள் விலகியதால் வந்த சரிவல்ல அது. சிறு நிறுவனத்துக்கு, கேட்டவர் எழுதும் கடிதமும், நிகழ்ச்சியைக் குறிப்பிட்டு நூல் வாங்க வருபவரும் நம்பகமான அளவுகோல்கள்.

சேவைகள் வரும், போகும். கூகுளே 2013 ஜூலை 1 அன்று ஓடைகளைப் படிக்கும் தன் சேவையான கூகுள் ரீடரையும், 2024இல் கூகுள் பாட்காஸ்ட்ஸையும் மூடியது. ஆனால் ஓடைகள் நிற்கவில்லை. வாசகர்கள் தம் சந்தாப் பட்டியலைக் கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு செயலிக்கு மாறினார்கள். முகநூல் வந்தபின் எழுத்தை முழுவதும் அங்கே கொண்டுபோன பதிவர்களுக்கு இந்த வசதி இல்லை. அங்கே யாருக்கு எதைக் காட்டுவது என்பதை அந்த நிறுவனமே தீர்மானிக்கிறது.

ஆகவே பதிப்பகமோ தனிமனிதரோ முதலில் செய்ய வேண்டியது, சொந்தப் பெயரில் ஓர் இணைய முகவரி வாங்கி ஓடையை அதன்கீழ் அமைப்பது. பாட்காஸ்ட் சேவையை மாற்ற நேர்ந்தால், பழைய ஓடை முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தர வழிமாற்றம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியின் அடையாளக் குறியையும் மாற்றாமல் வைக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்தால் சந்தாதாரர்கள் எதுவும் செய்யாமலேயே புதிய இடத்துக்கு வந்துவிடுவார்கள். பழைய பகுதிகள் மறுபடியும் புதியவை போல வந்து அவர்களைத் தொல்லைப்படுத்தாது.