செயற்கை முதுகெலும்பு வட்டு: இயந்திரச் சோதனை மட்டும் போதுமா?

முதுகெலும்பில் சேதமடைந்த 'டிஸ்க்' எனப்படும் வட்டுக்குப் பதிலாகப் பொருத்தப்படும் செயற்கை வட்டுகள், ஆய்வுக்கூட இயந்திரங்களில் அழுத்தத்தின் கீழ் ஒரு கோடி முறை வளைத்தும் திருப்பியும் சோதிக்கப்படுகின்றன. நொடிக்கு ஒருமுறை என்றாலும் இதற்குச் சுமார் 116 நாட்கள் பிடிக்கும்.

ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் ஆபத்துகள் உண்டு என்பதை, கனடாவின் டொரண்டோ ஸ்டார் நாளிதழும் பங்கேற்ற சர்வதேசப் புலனாய்வு 2018இல் உணர்த்தியது. பிரிட்டனில் உருவான காடிஸ்க்-எல் வட்டு, பபூன் குரங்குகளில் குறைபாடுகள் தென்பட்ட பின்னரும் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டதாக அது கூறியது. சிலரின் உடலில் வட்டு இடம்பெயர்ந்தது. 2014இல் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

இயந்திரம் தேய்மானத்தை அளக்கும். உயிருள்ள எலும்போடு வட்டு பொருந்தி நிற்குமா என்பதைக் காட்டாது. ஆகவே பொருத்திய பின்னரான கண்காணிப்பு இன்றியமையாதது. கனடாவில் மருத்துவக் கருவிகளால் நேரும் கடுமையான பாதிப்புகளை 30 நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிப்பது, 2019 டிசம்பர் முதல் மருத்துவமனைகளின் கடமையாக்கப்பட்டுள்ளது.