ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

சித்திரை பிறந்துவிட்டால் சிவகாசி வட்டாரக் கிராமங்களில் இரண்டு பேச்சுத்தான். கம்பெனியில் இந்த வருஷம் வேலை எப்படி இருக்கும் என்பது ஒன்று. ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பது மற்றொன்று.

சுமாராகப் படிக்கும் பிள்ளை என்றால் கவலை இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போகிற பள்ளிக்கூடத்துக்கு அதுவும் போகும். ஏழாம் வகுப்புக் கணக்கை ஐந்தாம் வகுப்பிலேயே போட்டுவிடும் பிள்ளை வீட்டில் இருந்தால்தான் தொல்லை! வாத்தியார் கூப்பிட்டுச் சொல்வார். மளிகைக் கடைக்காரர் சொல்வார். கம்பெனி வேனில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்கூடச் சொல்வார்: "நல்லாப் படிக்கிற புள்ளைய இங்கேயே போட்டு வைக்காதீங்க அண்ணாச்சி. டவுன்ல நல்ல பள்ளிக்கூடமாப் பாத்துச் சேத்து விடுங்க."

நல்ல பள்ளிக்கூடம் எது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இந்தப் பெற்றோரில் பலர் பத்து வயதில் தீப்பெட்டி ஒட்டியவர்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு 1996-ல் வந்தது. தங்களுக்குக் கிடைக்காத ஆறாம் வகுப்பைப் பிள்ளைக்குத் தேடும்போது அவர்கள் தடுமாறுவதில் வியப்பில்லை.

பிடி அரிசிப் பள்ளிக்கூடம்

விருதுநகருக்குப் படிப்பின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, அதைத் திரட்டி விற்ற பணத்தில் உறவின்முறையார் நடத்திய பள்ளிதான் க்ஷத்திரிய வித்தியாசாலா. காமராஜர் படித்த பள்ளியும் அதுவே. தகப்பனார் மறைந்தபின் குடும்பம் நொடித்தது. அவருடைய படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பின்னாளில் அவர் முதலமைச்சராக இருந்து ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்த வரலாறு எல்லோரும் அறிந்ததே. 2017, 2018 ஆகிய இரண்டு வருஷங்களிலும் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலாவதாக நின்றது விருதுநகர் ஜில்லாதான்.

ஆகவே பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. சொந்த ஊரிலேயே எட்டாம் வகுப்பு வரை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி இருக்கும். பஸ்ஸில் போனால் பக்கத்துப் பெரிய ஊரில் அரசு மேல்நிலைப் பள்ளி. டவுனுக்குப் போனால் உறவின்முறையாரும் மிஷன்களும் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள். அதற்கு மேல் மெட்ரிகுலேஷன். அதற்கும் மேலே சி.பி.எஸ்.இ. பெற்றோர் மனத்தில் இது ஏணிப்படி வரிசை. கட்டணம் ஏற ஏறப் படிப்பும் ஏறும் என்பது அவர்கள் எண்ணம்.

அந்த எண்ணத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சமச்சீர் கல்வி 2010-ல் ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் வந்தது. மறு வருஷம் மற்ற வகுப்புகளுக்கும் வந்தது. அதிலிருந்து மெட்ரிகுலேஷனுக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றே. ஆங்கில வழி வகுப்புகளும் இப்போது பல அரசுப் பள்ளிகளில் உண்டு. அப்படியானால் பணம் எதற்குப் போகிறது? வேனுக்கும், டைக்கும், ஷூவுக்கும், ஓரளவு ஒழுங்குக்கும்! ஒழுங்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு பக்கம்கூட அந்தப் பணத்தால் கிடைத்துவிடாது.

பதிவேட்டில் ஒரு வரி

இனி வருவதுதான் முக்கியமான விஷயம். பலர் இதைப் பிளஸ் டூ முடித்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை.

நீட் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளியில் படித்து டாக்டர் படிப்பில் சேர்ந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை ஏற்பட்டது. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கிச் சட்டம் வந்தது. அந்த முதல் வருஷமே பல் மருத்துவத்தையும் சேர்த்து 400-க்கும் மேற்பட்ட இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. 2021-ல் என்ஜினீயரிங், விவசாயம், கால்நடை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் இந்த ஒதுக்கீடு நீண்டது.

நிபந்தனை என்ன? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரு வருஷம் தனியார் பள்ளிக்குப் போய்த் திரும்பினாலும் உரிமை போயிற்று. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் எட்டாவது வரை இலவசமாகப் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இந்த வட்டாரத்துப் பெற்றோர் இடறி விழும் இடம் வேறு. உதவி பெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் சேராது! ஆசிரியருக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது, கட்டணமும் அற்பம், ஆகவே அதுவும் அரசுப் பள்ளிதான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விருதுநகரிலும் சிவகாசியிலும் பெயர் பெற்ற பழைய பள்ளிகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை என்பதால் இங்கே இந்த மயக்கம் அதிகம். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கென்றுதான் வந்தது. 2024-ல் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் அதில் சேர்த்தார்கள். ஏழரை சதவீதத்தில் அப்படிச் சேர்க்கவில்லை.

பத்து வயதுப் பிள்ளை டாக்டராகுமா, வக்கீலாகுமா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த வயதில் எந்தப் பதிவேட்டில் பெயர் ஏறுகிறது என்பதை ஏழு வருஷம் கழித்துக் கேட்பார்கள். இது நியாயமா என்று கேட்டால், உதவி பெறும் பள்ளியில் படிக்கும் கூலிக்காரர் பிள்ளைக்கு நியாயமில்லைதான்.

தீபாவளிக்குப் பிறகு

பட்டாசுத் தொழிலில் வருமானம் வெயிலைப் பார்த்து வருவது. மழை பெய்தால் காயப்போட முடியாது; வேலை இல்லை. தீபாவளி முடிந்தால் சில வாரம் ஆலைகள் மூடிக் கிடக்கும். 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பின் மூடிய ஆலைகள் பல மாதம் திறக்கவில்லை. தனியார் பள்ளியின் இரண்டாம் தவணை இந்த மழையையும் தீபாவளியையும் பார்ப்பதில்லை. ஆறாவதில் கடன் வாங்கிச் சேர்த்து, எட்டாவதில் கட்ட முடியாமல் வெளியே எடுத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். கட்டிய பணமும் போகும். ஏழரை சதவீதமும் போகும்.

அப்படியானால் அரசுப் பள்ளியில் குறையே இல்லையா? உண்டு. ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே கெட்டிக்காரப் பிள்ளையைச் சட்டாம்பிள்ளையாக்கி, மற்றவர்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்க விட்டுவிடுவார்கள். கேட்கப் பெருமையாக இருக்கும். மூன்று வருஷம் அப்படிப் போனால் பிள்ளையின் கூர்மை மழுங்கிவிடும்.

கணித மேதை ராமானுஜன் 1897-ல் ஆரம்பப் பள்ளித் தேர்வில் தஞ்சாவூர் ஜில்லாவில் முதலாவதாக வந்து, கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார். நல்ல பள்ளிதான். ஆனாலும் அவருக்குத் தீனி போட்டவை, வீட்டில் குடியிருந்த கல்லூரி மாணவர்களிடம் அவர் வாங்கிப் படித்த பெரிய வகுப்புப் புத்தகங்கள்! ஆகவே கட்டிடத்தைப் பார்ப்பதைவிட, அலமாரியில் பூட்டாத புத்தகம் இருக்கிறதா, அதைக் கையில் எடுத்துக் கொடுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்ப்பது மேல்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான கேள்வி உண்டு. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வு நடக்கிறது. தேறினால் பிளஸ் டூ வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே அது. "போன வருஷம் உங்கள் பள்ளியிலிருந்து எத்தனை பேர் எழுதினார்கள்? எத்தனை பேர் தேறினார்கள்?" என்று தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டும். பெயர் பெயராகச் சொன்னால், அந்தப் பள்ளியில் யாரோ ஒரு வாத்தியார் மாலையில் தங்கிச் சொல்லிக் கொடுக்கிறார் என்று அர்த்தம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து சேர அரசின் மாதிரிப் பள்ளிகள் 2021-க்குப் பிறகு வந்திருக்கின்றன. அங்கே போவதற்கும் இந்த மூன்று வருஷப் பயிற்சியே முதல்.

வெளியூர் விடுதிப் பள்ளி என்றால், ஆறாம் வகுப்பில் சேர்க்கும் நவோதயா பள்ளி தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அமராவதி நகர் சைனிக் பள்ளி 1962 முதல் இருக்கிறது. அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், இங்கே பெரும்பாலான கூலிக் குடும்பங்களுக்கு ஏற்றது பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிதான். பிளஸ் டூ வரை பள்ளி மாற வேண்டாம். பஸ் பாஸ் இலவசம். தாயும் தகப்பனாரும் வேலைக்குப் போயிருக்கும் வீட்டில், மாலை வகுப்பு முடிந்த பிறகு அந்த ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு இருக்கிறது என்பதைப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் நேரிலேயே போய் நின்று பார்த்துவிட வேண்டும்.