அப்பா வைத்துப்போன சொத்து இருந்தால் உதவிப்பணம் கிடையாதா?

களமருதூர்—

ஊரில் கொஞ்சம் நிலம். பாங்கியில் கொஞ்சம் பணம். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பிள்ளை. இவருக்கு சர்க்கார் கொடுக்கும் வேலையில்லாதோர் உதவித்தொகை கிடைக்குமா, கிடைக்காதா?

டீக்கடையில் கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள்.

"பட்டா உன் பேருக்கு மாறிட்டா அவ்வளவுதாம்பா, ஒரு பைசா வராது" என்பார் ஒருவர்.

"வீட்டுக்கு வர்ற பணத்தைப் பத்தி வாயே திறக்காதே" என்பார் இன்னொருவர்.

இரண்டுமே தப்பு! முதல் பேச்சை நம்பினால் வரவேண்டிய பணம் போகும். இரண்டாவது பேச்சை நம்பினால் வம்பு வந்து சேரும்.

எவ்வளவு கிடைக்கும்?

எஸ்.எஸ்.எல்.சி. தவறியவருக்கு மாதம் ரூ.200. தேறியவருக்கு ரூ.300. பிளஸ் 2 தேறியவருக்கு ரூ.400. பட்டதாரிக்கு ரூ.600. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாங்கிக் கணக்கில் விழும். மூன்று வருடம் வரை கிடைக்கும்.

அதாவது, ஒரு பட்டதாரி மூன்று வருடத்தில் பெறுவது ரூ.21,600. பெரிய பணம் இல்லைதான். ஆனால் பரீட்சைக்குப் பணம் கட்டவும், இன்டர்வியூவுக்கு விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் பஸ் ஏறவும் இது உதவும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும். பதிவை விடாமல் புதுப்பித்து வந்திருக்க வேண்டும். வயது 40-ஐத் தாண்டக்கூடாது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. ஆகவே கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு ஐந்து வருடம் கூடுதல் அவகாசம் உண்டு.

என்ஜினீயரிங், மருத்துவம், விவசாயம், சட்டம் போன்ற தொழிற்படிப்பு பட்டதாரிகளுக்கு இது கிடையாது. கல்லூரிக்குத் தினமும் போய்ப் படிப்பவருக்கும் கிடையாது. தபால் வழியில் படிப்பவர் வாங்கலாம்.

சொத்தா? வருமானமா?

இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்தத் திட்டத்தில் கேட்கும் கேள்வி, "உனக்கு என்ன இருக்கிறது?" என்பது அல்ல. "உன் குடும்பத்துக்கு வருடத்துக்கு என்ன வருகிறது?" என்பதுதான்!

குடும்ப வருமானம் வருடத்துக்கு ரூ.72,000-ஐத் தாண்டக்கூடாது. சேமிப்புக்கு இவ்வளவு, நகைக்கு இவ்வளவு, நிலத்துக்கு இவ்வளவு என்று தனி வரம்பு எதுவும் இல்லை.

அப்பா ஒரு ஏக்கர் மானாவாரி நிலம் விட்டுப்போனார். மழை இல்லை, நிலம் தரிசாகக் கிடக்கிறது. பட்டா பிள்ளை பேருக்கு மாறினாலும் வருமானம் ஒன்றும் இல்லை. அவர் தாராளமாக மனு போடலாம்.

அதே நிலத்தில் கரும்பு வைத்து ஆலைக்கு வெட்டி அனுப்பினாலோ, மரவள்ளி போட்டாலோ, குத்தகைக்கு விட்டாலோ, வரும் பணம் குடும்ப வருமானத்தில் சேரும்.

பாங்கியில் மூன்று லட்ச ரூபாய் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். வட்டி 7 சதவீதம் என்றால் வருடத்துக்கு ரூ.21,000. கணக்கில் வருவது இந்த 21 ஆயிரம்தான். மூன்று லட்சம் அல்ல.

பென்ஷன் வந்தால்?

நிலத்தைவிடப் பெரிய முட்டுக்கட்டை குடும்ப பென்ஷன். அப்பா சர்க்கார் உத்தியோகஸ்தர். அவர் இறந்து அம்மாவுக்கு மாதம் ரூ.7,000 பென்ஷன் வந்தால் வருடத்துக்கு ரூ.84,000. வரம்பு தாண்டிவிட்டது. ஒரு சென்ட் நிலம் இல்லாவிட்டாலும் பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை!

அப்பா விட்டுப்போனது மளிகைக் கடை என்றால் வேறு சிக்கல். கடையை மூடிப் போட்டிருந்தால் சரி. பிள்ளையே கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தால் அது சுயதொழில். வேலையில்லாதவர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பாகம் பிரிக்காத சொத்திலும் கவனம் வேண்டும். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் சட்டம் வந்தது. நாலு பேருக்குச் சேர வேண்டிய விளைச்சலை ஒருவர் தலையில் கட்டினால் அவர் மனு தள்ளுபடியாகும். யார் பங்குக்கு எவ்வளவு என்று கிராம நிர்வாக அலுவலரிடம் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

லண்டனில் எப்படி?

இங்கிலாந்தில் வேறு கதை. அங்கே 'யுனிவர்சல் கிரெடிட்' என்ற உதவித்தொகை உண்டு. கையில் 6,000 பவுண்டு வரை சேமிப்பு இருந்தால் தொந்தரவில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்டு வெட்டு! 16,000 பவுண்டைத் தாண்டினால் உதவித்தொகையே கிடையாது.

தாத்தா வைத்துப்போன பணம் கைக்கு வந்தால் அதுவும் சேமிப்புக் கணக்கில்தான் சேரும். உதவிப்பணம் வாங்குவதற்காகவே அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டால், இன்னும் கையில் இருப்பதாகவே எண்ணிக்கொள்வார்கள். குடியிருக்கும் வீட்டை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அங்கே இருப்பைப் பார்க்கிறார்கள். இங்கே வரத்தைப் பார்க்கிறார்கள். இந்த மட்டில் நம் ஊர் விதி பரவாயில்லை.

ஆனால் வரம்புதான் குட்டை! வருடம் 72,000 என்றால் மாதம் 6,000. நாளுக்கு 200 ரூபாய், அதுவும் குடும்பம் முழுவதற்கும். 2024-25-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலியே நாளுக்கு ரூ.319. வீட்டில் ஒருவர் மாதம் முழுவதும் கூலிக்குப் போனாலே வரம்பு தாண்டிவிடும். சொத்து இருப்பவரைவிட, உழைக்கும் அப்பா இருப்பவர்தான் இங்கே அதிகம் மாட்டிக்கொள்கிறார்.

மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வருமான வரம்பு கிடையாது. பதிவு செய்து ஒரு வருடம் ஆனால் போதும். படிப்புக்குத் தக்கபடி மாதம் ரூ.600, 750, 1,000 என்று பத்து வருடம் வரை கிடைக்கும்.

என்ன செய்ய வேண்டும்?

கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டம் ஆனது. மனுவை அங்குள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கொடுக்கலாம். படிவம் இலவசம். யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

வருமானத்துக்கு வருவாய்த் துறைச் சான்று வேண்டும். பணம் வாங்கத் தொடங்கிய பிறகு வருடா வருடம் சுய உறுதிமொழி கொடுக்க வேண்டும். மறந்தால் பணம் நின்றுவிடும். மறைத்தால், கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"உதவித்தொகை வாங்கினால் பதிவு போய்விடும்" என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். அதுவும் வெறும் பேச்சு. பதிவு அப்படியே இருக்கும்.

ஆகவே பட்டாவைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். வரவை எழுதிக் கூட்டிப் பாருங்கள். 72 ஆயிரத்துக்குள் நின்றால் மனுவை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஏறுங்கள்!