முட்டத்து உப்பும் டெக்னிக்ஸ் தட்டும்

துபாயிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த ரெக்கார்டு பிளேயரை விற்கவா, வைத்துக்கொள்ளவா என்று கேட்டாய் மக்கா. வைத்துக்கொள். வைத்துக்கொள்வதில் கொஞ்சம் வேலை இருக்கிறது, முட்டத்தில் வைத்துக்கொள்வதில் இன்னும் கொஞ்சம் கூடுதல். ரெண்டு சாயா சொல்லு, ஒவ்வொன்றாகப் பேசலாம்.

அது என்ன சாமான் என்று முதலில் தெரிந்துகொள். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2. நேஷனல் பானசோனிக் டேப் ரிக்கார்டர் போட்ட அதே ஜப்பான்காரன் மாட்சுஷிட்டாவின் இன்னொரு பேர்தான் டெக்னிக்ஸ். 1970-ல் எஸ்பி-10 என்று ஒன்றை இறக்கினான். நடுவில் ரப்பர் இல்லாமல் மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றும் பிளேயர் கடைக்கு வந்தது அதிலிருந்துதான். 1972-ல் 1200 வந்தது, 1979-ல் உன் வீட்டில் இருக்கும் எம்கே2. 2010-ல் இந்த வரிசையையே நிறுத்திவிட்டு, கேட்ட ஆட்கள் விடாததால் 2016-ல் மறுபடி தொடங்கினார்கள். நியூயார்க் டி.ஜே. பையன்கள் கையால் பிடித்து நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி விட்ட தட்டு இதுதான். அத்தனை வதையும் தாங்கிய இயந்திரத்துக்கு உன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் போடுவது ஒரு வேலையே இல்லை.

பழைய பிளேயர்களில் மோட்டார் வேகமாக ஓடும். நடுவில் ஒரு பெல்ட்டோ ரப்பர் சக்கரமோ அந்த வேகத்தைக் குறைத்துத் தட்டுக்குக் கொடுக்கும். உங்க அம்மாவின் மேசைக் கிரைண்டரில் பெல்ட் தளர்ந்தால் கல் திணறுகிறதே, அதே சங்கடம் இங்கே பாட்டில் கேட்கும். உன்னுடையதில் மோட்டாரே நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுதான் சுற்றுகிறது. தட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு காந்த வளையம் இருக்கும், கீழே கம்பிச் சுருள்கள். தட்டு மோட்டாரின் ஒரு பாதி. ரப்பர் இல்லை. தேய்வதற்கு நடு அச்சும் அது நிற்கும் குழியும் மட்டும்தான். வேகத்தை ஒரு குவார்ட்ஸ் படிகம் காவல் காக்கிறது. அதன் துடிப்போடு ஒப்பிட்டு ஒப்பிட்டு உள்ளே இருக்கும் சர்க்யூட் தட்டைத் திருத்திக்கொண்டே இருக்கும்.

நம்ம நாட்டில் அந்தக் குவார்ட்ஸ் காவலுக்கு ஒரு தனி அர்த்தம் இருந்தது. ஏ.சி. மோட்டார் வைத்த பழைய பிளேயர் கரண்டின் அதிர்வெண்ணை நம்பி ஓடும். கணக்குப்படி 50 ஹெர்ட்ஸ். தென்மண்டலத்தில் 2003 ஜனவரியில் புதிய மின்கட்டண முறை வரும்வரை, பற்றாக்குறை நேரத்தில் அது 48 பக்கம் இறங்கிக் கிடக்கும். 48 என்றால் நூற்றுக்கு 4 குறைவு. பாட்டு இழுக்கும், சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை இறங்கும். பாடினவர் தொண்டையில் ஒரு குறையும் இல்லை, மின்வாரியம் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது. குவார்ட்ஸ் தட்டுக்கு அந்தக் கவலை கிடையாது.

ஆனால் வோல்டேஜ் கவலை உண்டு. பின்பக்கத் தகட்டைப் பார். வளைகுடாவில் வாங்கியது பெரும்பாலும் 220-240 வோல்ட்டாகத்தான் இருக்கும். ஆசைப்பட்டு ஜப்பானிலிருந்து இன்னொன்று வரவழைத்தால் அது 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து வந்தால் 120. நம்ம 230-ல் நேராகச் சொருகினால் டிரான்ஸ்பார்மர் புகைந்துவிடும். சில மாடல்களில் தட்டுக்கு அடியில் மாற்றிவைக்க ஒரு திருகு இருக்கும், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் கரண்டு கொடுக்காதே.

தட்டைத் தூக்கச் சொன்னேன் அல்லவா, அங்கேதான் முட்டம் குறுக்கே வருகிறது. பக்கத்தில் மணவாளக்குறிச்சி. ஐ.ஆர்.இ. கம்பெனி மணல் அள்ளுவது எதற்கு? அதில் இல்மனைட் இருக்கிறது, காந்தத்துக்கு இழுபடும். சின்ன வயதில் ஸ்பீக்கர் காந்தத்தைக் கடற்கரையில் புரட்டிக் கருமணல் எடுத்து விளையாடாத பிள்ளை இந்தப் பக்கம் உண்டா? அதே கருமணல் உன் வீட்டுத் தரையிலும் இருக்கிறது, செருப்போடு வந்தது. தட்டைக் கழற்றித் தரையில் காந்தம் கீழாக வைத்தாயானால் மொத்தமும் ஏறி ஒட்டிக்கொள்ளும். திரும்ப மாட்டினால் காந்தத்துக்கும் சுருளுக்கும் நடுவே இருக்கிற சின்ன இடைவெளியில் உரசும். மேசையில் சுத்தமான துண்டு விரித்து, காந்தம் மேலே பார்க்கும்படி வை. ஒட்டியிருப்பதை செலோ டேப்பால் ஒற்றி எடு. ஊதாதே, ஊதினால் குழிக்குள் போகும்.

அச்சுக்கு எண்ணெய் 2000 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ரெண்டு மூன்று சொட்டு. கம்பெனிப் புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. மெல்லிய மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாஞ்சில் நாட்டில் கீல், பூட்டு, தலை எல்லாவற்றுக்கும் அதுதான் என்பது தெரியும். நாளாக நாளாகப் பிசினாகிவிடும் மக்கா.

இனி உப்பு. லைட் ஹவுஸ் பக்கம் இருக்கிற வீடுகளில் ஜன்னல் கம்பி என்ன பாடு படுகிறது என்று பார்க்கிறாய். பிளேயருக்குள்ளும் அதேதான். மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது, தொடுமுனைகள்தான் போகும். ஒரு பக்கம் சத்தம் வரவில்லை என்றால் உடனே திறக்காதே. ஊசியின் பெட்டியில், அதாவது கார்ட்ரிட்ஜில், பின்னால் நாலு மெல்லிய வயர் இருக்கும். வெள்ளையும் நீலமும் இடது பக்கம், சிவப்பும் பச்சையும் வலது. அவற்றின் முனைகளையும், கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல் பிளேயரின் கையோடு சேரும் இடத்தையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடை. பாதி நோய் அதிலேயே தீரும். ‘ங்ங்’ என்று இரைந்தால், ஆம்ப்ளிபயருக்குப் போகிற தனி எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறதா என்று பார். வேகம் திருத்தும் அந்த நீள ஸ்லைடர் நூற்றுக்கு 8 வரை ஏற்றவும் இறக்கவும் செய்யும். நடுவில் வைத்தால் பச்சை விளக்கு எரிய வேண்டும், ஓரத்துப் பெரிய புள்ளிகள் அசையாமல் நிற்க வேண்டும். புள்ளி நகர்ந்தால் அங்கேயும் உப்பு அல்லது தூசி. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் கேட்டால் தருவார்கள், எண்ணெய்ப் பசை விடுகிற ரகம் வாங்கு.

அப்கிரேடு என்று நீ கேட்டதற்கு இப்போது வருகிறேன். இணையத்தில் பார்த்தால் டிரான்ஸ்பார்மரை வெளியே எடு, கையை மாற்று, கால்களை மாற்று என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். என் கருத்து, உடம்பில் கை வைக்காதே. 12.5 கிலோ கனம், கடப்பாக் கல் சிலாப்பில் வைத்தால் அசையாது. ஸ்பீக்கரை மட்டும் அதே கல்லில் வைக்காதே. காசு இருந்தால் ஊசிக்குப் போடு. ஆடியோ-டெக்னிக்கா விஎம்95 வரிசையில் உடல் ஒன்றுதான், ஊசியை மட்டும் மாற்றலாம். முதலில் ‘இ’ வாங்கு. அதன் ஆயுள் சுமார் 300 மணி நேரம். தேய்ந்தபின் ‘எம்எல்’ ஊசியைச் சொருகு. அது 1000 மணி நேரம் போகும், இசைத்தட்டின் உள்வட்டத்தில் வரும் கடைசிப் பாட்டும் கரகரக்காது. ஊசி அழுத்த வேண்டிய பாரம் 2 கிராம். ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையத்திலிருந்து ஊசி முனைக்கு 52 மில்லிமீட்டர், ஸ்கேல் வைத்தே அளந்துவிடலாம். ஊசி தருவது சில மில்லிவோல்ட்தான். ஆம்ப்ளிபயரில் போனோ என்று துளை இருந்தால் சரி, இல்லையென்றால் தனியாக ஒரு போனோ பிரீஆம்ப் வேண்டும். வெறும் ஆக்ஸில் சொருகிவிட்டு, இளையராஜாவின் பேஸ் எங்கே போச்சு என்று என்னிடம் வராதே.

சித்தப்பா அடுக்கில் ‘அலைகள் ஓய்வதில்லை’ எல்.பி. பார்த்தேன். 1981-ல் பாரதிராஜா இங்கே வந்து எடுத்த படம், நம்ம பாறைதான் அதில். அந்தத் தட்டில் பூஞ்சை பூத்திருக்கிறது. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் விட்டு, மென்துணியால் வட்டமாகத் துடை, லேபிள் நனையாமல். வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை துடைத்து நிழலில் காய வை. கனமான பழைய 78 தட்டுகளை இதில் போடாதே. உன் மாடலில் அந்த வேகம் இல்லை, இந்த ஊசியும் அதற்கு ஆகாது. அவற்றை ஆல்கஹால் தொட்டும் துடைத்துவிடாதே, அரக்கு கரையும்.

ஐப்பசியில் இடி தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிப் போடு. முப்பது நாற்பது வருஷத்துக் கப்பாசிட்டர்களை மாற்ற நாகர்கோவிலில் ஆள் கிடைக்கும். அந்தக் குவார்ட்ஸ் சிப் எரிந்தால் பழைய பிளேயர் ஒன்றைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டிவரும்.