124 விநாடியில் எதிரியைச் சாய்த்தவர்... வரி பாக்கியில் சாய்ந்தது எப்படி? குத்துச்சண்டை ஜாம்பவான் ஜோ லூயிஸின் கதை

ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் தொடர்ந்து 25 முறை பட்டத்தைத் தக்கவைத்தவர். ஏறக்குறைய 12 வருஷம் அந்தப் பட்டத்தை யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை. போர் வந்தபோது தன் சம்பளத்தை நாட்டுக்குக் கொடுத்தவர். அதே மனுஷனைத்தான் அதே நாட்டின் வருமான வரித்துறை பல வருஷம் விரட்டியது.

அவர் பெயர் ஜோ லூயிஸ். முகமது அலிக்கும் மைக் டைசனுக்கும் முந்தைய தலைமுறை. அமெரிக்காவே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒருத்தர், கடைசியில் சூதாட்ட விடுதி வாசலில் நின்று விருந்தினர்களை வரவேற்கும் நிலைக்கு எப்படி வந்தார்? பார்க்கலாம்.

யார் இந்த ஜோ லூயிஸ்?

1914ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி, அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் பிறந்தார். பருத்தி வயல்களில் குத்தகைக்கு உழைத்த ஏழைக் கறுப்பினக் குடும்பம். 1926இல் பிழைப்பு தேடி டெட்ராய்ட் நகரத்துக்கு வந்தார்கள். வயலின் கற்றுக்கொள்ள அம்மா கொடுத்த காசை, பையன் குத்துச்சண்டைப் பயிற்சிக்குக் கட்டிவிட்டான் என்று இன்றும் சொல்வார்கள்.

1934 ஜூலையில் தொழில்முறை வீரரானார். வெற்றி மேல் வெற்றி. பணம் வந்ததும் அவர் செய்த ஒரு காரியம் முக்கியமானது. பஞ்ச காலத்தில் தன் குடும்பம் டெட்ராய்ட் நகர நிர்வாகத்திடம் வாங்கிய நிவாரணத் தொகையைத் திருப்பிக் கட்டினார். யாரும் கேட்கவில்லை, அவராகவே கட்டினார். கடன் வைத்துக்கொள்ளப் பிடிக்காத அந்த மனுஷனைத்தான் பின்னாளில் 'பாக்கிக்காரர்' என்றார்கள்.

பட்டம் கிடைத்தது அவ்வளவு சுலபமா?

இல்லை. லூயிஸுக்கு முன் ஹெவிவெயிட் பட்டம் வென்ற ஒரே கறுப்பினத்தவர் ஜாக் ஜான்சன். 1915இல் அவர் பட்டத்தை இழந்த பிறகு, 22 வருஷம் எந்தக் கறுப்பின வீரருக்கும் பட்டப் போட்டியில் மோத வாய்ப்பே தரப்படவில்லை. அதனால் லூயிஸின் மேனேஜர்கள் அவருக்குக் கறாரான விதிகள் போட்டார்கள். தோற்று விழுந்தவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. வெள்ளைக்காரப் பெண்களோடு போட்டோ எடுத்துக்கொள்ளக் கூடாது. வாயைத் திறக்காமல் கையால் மட்டும் பேச வேண்டும்.

1936 ஜூன் மாதம் ஆனைக்கும் அடி சறுக்கியது. ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங் 12ஆவது சுற்றில் லூயிஸை நாக் அவுட் செய்தார். இடது கையால் குத்திவிட்டு லூயிஸ் அந்தக் கையைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுகிறார் என்பதை ஷ்மெலிங் முன்கூட்டியே கவனித்து வைத்திருந்தார். அந்த இடைவெளியில்தான் அவருடைய வலது கைக் குத்து விழுந்தது.

லூயிஸ் மீண்டு எழுந்தார். 1937 ஜூன் 22ஆம் தேதி சிகாகோவில் ஜேம்ஸ் பிராடக்கை 8ஆவது சுற்றில் வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார்.

அந்த 124 விநாடி ஏன் அவ்வளவு முக்கியம்?

சரியாக ஒரு வருஷம் கழித்து, 1938 ஜூன் 22ஆம் தேதி, நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் ஷ்மெலிங்குடன் மறுபடியும் மோதல். ஷ்மெலிங் நாஜி கட்சியின் உறுப்பினர் இல்லை. ஆனால் ஹிட்லர் அரசு அவரைத் தன் இனப் பெருமைக்கு விளம்பரமாக்கியது. அதனால் மேடையில் மோதுவது இரண்டு வீரர்கள் இல்லை, இரண்டு நாடுகள் என்பதுபோல் ஆகிவிட்டது. சுமார் 70,000 பேர் நேரில் பார்த்தார்கள். கோடிக்கணக்கானோர் ரேடியோவில் கேட்டார்கள்.

முதல் சுற்றிலேயே, 124 விநாடிகளில் ஆட்டம் முடிந்தது. கறுப்பினத்தவருக்குப் பல ஊர்களில் சமமாக உட்காரக்கூட இடம் தராத ஒரு நாடு, அன்றைக்கு ஒரு கறுப்பின இளைஞரைத் தன் ஹீரோவாக ஏற்றுக்கொண்டது.

சரி, பிரச்சினை எங்கே ஆரம்பித்தது?

இரண்டாம் உலகப் போரில். 1942 ஜனவரியில் பட்டி பேர் என்பவருடன் மோதி, தனக்குக் கிடைத்த பணத்தைக் கடற்படை நிவாரண நிதிக்குக் கொடுத்தார். உடனே ராணுவத்தில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். மாசம் 21 டாலர் சம்பளம். மார்ச் மாதம் ஏப் சைமனுடன் மோதி, அந்தப் பணத்தை ராணுவ நிவாரண நிதிக்குத் தந்தார். படை வீரர்களை உற்சாகப்படுத்த ஏறக்குறைய 100 காட்சிப் போட்டிகளில் ஆடினார்.

சிக்கல் இங்கேதான். அந்த இரண்டு போட்டிகளின் பணமும் லூயிஸ் கையில் தங்கவே இல்லை. ஆனால் வரித்துறை கணக்குப்படி, அது முதலில் அவருடைய வருமானம். அவர் அதை யாருக்குக் கொடுத்தார் என்பது அடுத்த விஷயம். வருமானம் என்றால் வரி உண்டு. கொடுத்த பணத்துக்கே வரி பாக்கி எழுதப்பட்டது.

முழுப் பழியையும் வரித்துறை மேல் மட்டும் போட்டுவிட முடியாது. லூயிஸ் தன் பணக் கணக்கைத் தானே பார்த்தவர் இல்லை. போட்டிகளில் கிடைத்த மொத்தத் தொகை சுமார் 46 லட்சம் டாலர். மேனேஜர், பயிற்சியாளர், புரமோட்டர் என்று பங்கு போனபின் அவர் கைக்கு வந்தது சுமார் 8 லட்சம்தான் என்கிறார்கள். அதிலும் உறவினர், நண்பர் என்று கேட்டவருக்கெல்லாம் வாரிக் கொடுத்தார். உணவகம், குளிர்பானம் என்று தொடங்கிய வியாபாரங்கள் நஷ்டமாயின. கோல்ஃப் மைதானத்தில் பந்தயம் கட்டியும் பணம் கரைந்தது. ராணுவத்தில் இருந்த வருஷங்களில் புரமோட்டரிடமும் மேனேஜரிடமும் கடன் வேறு.

கட்ட முடியாத அளவுக்குக் கடன் ஏறியது எப்படி?

1949 மார்ச்சில் லூயிஸ் ஓய்வு பெற்றார். அடுத்த வருஷம் வரித்துறை கேட்ட தொகை சுமார் 5 லட்சம் டாலர். அதை அடைக்க அவருக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். 36 வயதில் மறுபடியும் கையுறை மாட்டினார்.

இங்கே ஒரு விஷச் சுழல் இருக்கிறது. பழைய பாக்கியைக் கட்ட அவர் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். புதிய சம்பாத்தியத்துக்கும் வரி உண்டு. 1950களில் அமெரிக்காவில் உச்ச வரி விகிதம் 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பெரிய போட்டியில் பெரிய தொகை வந்தாலும், வரி போக மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சம் பழைய பாக்கியின் வட்டிக்கே பத்தாது. ஆக, ஆட ஆடக் கடன் குறையவில்லை. வட்டி குட்டி போட்டு, 1950களின் கடைசியில் பாக்கி 10 லட்சம் டாலரைத் தாண்டியது.

உடம்பு பழைய உடம்பு இல்லை. 1950 செப்டம்பரில் எஸ்ஸார்ட் சார்லஸிடம் 15 சுற்று ஆடித் தோற்றார். 1951 அக்டோபரில் ராக்கி மார்சியானோ 8ஆவது சுற்றில் அவரைக் கயிற்றுக்கு வெளியே விழ வைத்தார். லூயிஸை ஹீரோவாக நினைத்து வளர்ந்தவர் மார்சியானோ. ஜெயித்த அவரே அன்றைக்குச் சந்தோஷப்படவில்லை.

ஒரு கணக்கைக் கவனியுங்கள். லூயிஸ் மொத்தம் ஆடியது 69 போட்டி. வென்றது 66. தோற்றது மூன்றே மூன்று. அதில் இரண்டு, வரி பாக்கிக்காக அவர் திரும்பி வந்த பிறகு வாங்கிய தோல்விகள்.

அதற்குப் பிறகு?

1953இல் அம்மா இறந்தார். மகனுக்கு அவர் விட்டுப்போன 667 டாலரையும் வரித்துறை எடுத்துக்கொண்டது. 1956இல் லூயிஸ் மல்யுத்தக் காட்சிகளில் இறங்கினார். உலக சாம்பியனைக் காசுக்காகக் கட்டிப்புரள வைத்துவிட்டார்களே என்று ரசிகர்கள் நொந்துபோனார்கள். விலா எலும்பு உடைந்ததுதான் மிச்சம்.

1960களில்தான் வரித்துறை இறங்கி வந்தது. பழைய பாக்கிக்காக விரட்டுவதில்லை, இனி வரும் வருமானத்துக்கு வரி கட்டினால் போதும் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குள் மனுஷன் உடைந்திருந்தார். போதைப்பொருள் பழக்கம், யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்ற பயம். 1970இல் சில மாதங்கள் மனநல மருத்துவமனையில் இருந்தார். பிறகு லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸ் விடுதியில் விருந்தினர்களை வரவேற்கும் வேலை. 1977இல் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் சக்கர நாற்காலி.

கடைசியில் யார் உதவினார்கள்?

அன்று 124 விநாடியில் விழுந்த ஷ்மெலிங்! போருக்குப் பிறகு ஜெர்மனியில் கோக கோலா வியாபாரத்தில் வசதியானவர், லூயிஸைத் தேடி வந்து நண்பரானார், பண உதவியும் செய்தார்.

1981 ஏப்ரல் 12ஆம் தேதி, 66 வயதில் லூயிஸ் இறந்தார். முந்தைய நாள்தான் லாரி ஹோம்ஸின் பட்டப் போட்டியை நேரில் பார்த்திருந்தார். அதிபர் ரீகன் விதியைத் தளர்த்தி, ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்ய அனுமதித்தார். அடுத்த வருஷம் அமெரிக்க நாடாளுமன்றம் தங்கப் பதக்கம் அறிவித்தது. 1986இல் டெட்ராய்ட் நகரின் நடுவே அவருடைய கையைப் போல 24 அடி நீளத்தில் ஒரு வெண்கல முஷ்டி வைக்கப்பட்டது.

மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அவர் 36 வயதில் மறுபடியும் மேடை ஏறாமல் இருந்திருக்க, அந்த இரண்டு போட்டிப் பணத்தையும் நன்கொடை என்று ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதியிருந்தாலே சுமை கொஞ்சமாவது குறைந்திருக்கும். அதை அவர் உயிரோடு இருந்த காலத்தில் யாரும் எழுதவில்லை.