உங்களுக்குத் தெரியுமா? துப்பாக்கி வந்த பிறகும் தோற்காத வில்லும் வாளும்

வெடிமருந்தைக் கண்டுபிடித்தவர்கள் போர்வீரர்கள் அல்லர். சாகாவரம் தரும் மருந்தைத் தேடிய சீன ரசவாதிகள், 9ஆம் நூற்றாண்டில் வெடியுப்பையும் கந்தகத்தையும் கரியையும் கலந்து பார்த்தபோது கிடைத்தது அது. துப்பாக்கியின் மூதாதையும் சீனத்து ஆயுதம்தான். ஈட்டி முனையில் வெடிமருந்து நிரப்பிய மூங்கில் குழாயைக் கட்டி, எதிரியின் முகத்தில் தீயைக் கக்கவிட்டார்கள்.

தொடக்ககாலத் திரித் துப்பாக்கிக்கு மழை பெரும் பகை. வெடியுப்பில் ஊறவைத்த கயிற்றுத் திரி எந்நேரமும் கனன்றபடி இருக்க வேண்டும். நனைந்தால் அணைந்துவிடும். இரவிலோ, அதன் செந்நிறப் பொறி படை பதுங்கியிருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நன்கு பழகியவரே நிமிடத்துக்கு இரண்டு முறை சுட்டால் அதிகம். அதே நேரத்தில் ஆங்கிலேய வில்லாளி பத்து அம்பு எய்துவிடுவார்.

பிறகு வில் ஏன் வழக்கொழிந்தது? 1545இல் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலில் இதற்கு ஒரு விடை கிடைக்கிறது. 1982இல் மேலே தூக்கப்பட்ட அந்தக் கப்பலிலிருந்து 137 முழு விற்களும் 3,500க்கும் மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. அந்த விற்களில் பலவற்றை இழுக்க 45 கிலோ எடையைத் தூக்கும் வலுவுக்கும் மேல் வேண்டும். உடன் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில், வயது வந்ததும் ஒட்டிச் சேர வேண்டிய தோள்பட்டை எலும்புத் துண்டு சேராமலே நின்றிருந்தது. சிறு வயது முதல் வில் இழுத்ததன் தழும்பு அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வில்லாளி உருவாக ஓர் இளமைக்காலம் முழுவதும் தேவை. துப்பாக்கி பிடிக்கச் சில வாரப் பயிற்சி போதும். வேகத்திலும் குறியிலும் பின்தங்கிய துப்பாக்கிக்கு இந்த ஒன்றே பெரும் பலமாக அமைந்தது என்பேன். 1595இல் இங்கிலாந்தின் ஆட்சிக்குழு, உள்ளூர்ப் படைகளில் வில்லாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது.

ஜப்பானுக்குத் துப்பாக்கி 1543இல் தானெகஷிமா தீவு வழியாக வந்தது. கரை ஒதுங்கிய கப்பலில் இருந்த போர்ச்சுகீசியரிடம் தீவின் இளம் தலைவர் இரண்டு துப்பாக்கிகளை வாங்கி, தம் ஊர் வாள் கொல்லரிடம் ஒப்படைத்தார். குழலை அடிப்பது அந்தக் கைகளுக்குச் சிரமமாக இல்லை. குழலின் அடிப்பக்கத்தை அடைக்கும் மரைத் திருகுதான் பிடிபடவில்லை. ஜப்பானியப் பட்டறைகளில் அதுவரை திருகே கிடையாது. மறு ஆண்டு வந்த போர்ச்சுகீசியக் கொல்லர் ஒருவரிடமிருந்து அதைக் கற்றுக்கொண்டார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் நாடெங்கும் துப்பாக்கி பரவிவிட்டது. வாளுக்காகப் பழகிய கைத்திறனே அதற்கு அடித்தளம்.

1575இல் நகஷினோ போரில் ஜப்பானியப் படைத்தலைவர் ஓடா நொபுனாகாவின் 3,000 துப்பாக்கிகள் மூன்று வரிசையாக மாறி மாறிச் சுட்டன என்பார்கள். பின்னால் வந்தவர்கள் சேர்த்துச் சொன்ன கதை அது என்று பல வரலாற்றாசிரியர்கள் மறுக்கிறார்கள். எதிரிகளான தகேதா குலத்தின் குதிரைப்படையைத் தடுத்து நிறுத்தியதில் மரவேலிக்கும் பெரும் பங்கு உண்டு.

1689இல் ஸ்காட்லாந்தின் கில்லிக்ராங்கியில் அரசுப் படையும் கிளர்ச்சி செய்த மலைநாட்டு வீரர்களும் மோதினார்கள். அரசுப் படையின் துப்பாக்கிக் கத்தி, குழல் வாய்க்குள்ளேயே செருகும் வகை. செருகினால் சுட முடியாது. சுட வேண்டுமானால் கத்தி கிடையாது. மலைநாட்டு வீரர்கள் ஒருமுறை சுட்டதும் துப்பாக்கியை எறிந்துவிட்டு, அகல வாளோடு சரிவில் பாய்ந்தார்கள். கத்தியைச் செருக அவகாசமே இல்லை. வாள் வென்றது; ஆனால் அவர்களுடைய தளபதி டண்டீ பிரபு அன்றே துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். குழல் வாயை அடைக்காமல் வளையத்தில் மாட்டும் கத்தி வேண்டும் என்று தோற்ற தளபதி மெக்காய் வலியுறுத்தியது இதற்குப் பிறகுதான்.

1776இல் அமெரிக்க விடுதலைப் போரின்போது பெஞ்சமின் பிராங்க்ளின், படைக்கு வில்லும் அம்பும் கொடுக்கலாம் என்று தளபதி சார்லஸ் லீக்குக் கடிதம் எழுதினார். ஒரு குண்டு கெட்டித்துச் சுடும் நேரத்தில் நான்கு அம்பு எய்யலாம், புகை கண்ணை மறைக்காது என்பவை அவர் சொன்ன காரணங்கள். இரண்டும் சரிதான். ஆனால் வில் இழுத்தே வளர்ந்த தோள்களுக்கு அவர் எங்கே போயிருப்பார்?